படித்துக்கொண்டே சம்பாதிக்கலாமாம்!



எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்த கையோடு நமது கோத்தா திங்கியில் ஒரு வாசகம் முளைக்கத் தொடங்கும். கடைவீதித் தூண்களில் ஒட்டப்பட்டிருக்கும். கோயில் அறிவிப்புப் பலகையின் ஓரத்தில் செருகப்பட்டிருக்கும். புலனக் குழுக்களில் நள்ளிரவிலும் வந்து விழும். ‘படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம்’ என்பதே அந்த வாசகம். ஆண்டுக்கு ஆண்டு நாட்டின் பெயர் மாறும். ஒருமுறை இங்கிலாந்து, மறுமுறை ஆஸ்திரேலியா, எப்போதும் சிங்கப்பூர். வாசகம் மட்டும் மாறுவதே இல்லை.

இவ்வாசகம் பொய் என்பதே இப்பதிவின் சாரம். முழுப் பொய்யாக இருந்திருந்தால் நம் மக்கள் இவ்வளவு எளிதில் ஏமாந்திருக்க மாட்டார்கள். ஒரு சிறு உண்மையைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் மாடி வீடு கட்டிய பொய் இது. மாணவர் அனுமதியோடு வெளிநாட்டில் இருப்பவர் சில இடங்களில், சில நேரங்களில், சில மணி நேரம் வேலை செய்ய அந்நாட்டுச் சட்டம் விட்டுக்கொடுக்கிறது. அந்த விட்டுக்கொடுப்பைத்தான் முகவர்கள் சம்பளம் என்று விற்கிறார்கள். அதை நம்பித் தகப்பன் கடன் வாங்குகிறான்; தாய் நகையை அடகுக் கடையில் வைக்கிறாள்.

“தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன வேலை?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். தமிழ்ப்பள்ளியை விட்டுப் போன பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு படித்து வெளியே வரும்போது, அவர்களுடைய பெற்றோர் பலர் மீண்டும் நம்மிடம்தான் வருகிறார்கள். ஆறாண்டு பழகிய முகம் என்பதால் வருகிறார்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தை நம் முன் வைத்து, “சார், இதில் எங்கே கையெழுத்துப் போடணும்?” என்று கேட்கிறார்கள். எங்கே போட வேண்டும் என்பதைக் காட்டுவதற்கு முன், எதற்காகப் போடுகிறோம் என்பதைப் படித்துச் சொல்வது நம் கடமையாகிறது. படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பவற்றை யாரும் படிப்பதில்லை. முகவருக்கு அது தெரியும்.

முதலில் சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது வெளிநாடு போலவே தோன்றுவதில்லை. உலு திராம் வழியாக ஜொகூர் பாருவுக்குப் போய்ப் பாலத்தைக் கடந்தால் முடிந்தது. நம் ஊர் இளைஞர்கள் எத்தனையோ பேர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, இரவில் திரும்புகிறார்கள். அண்ணன் அங்கே வேலை செய்கிறான், சித்தப்பா அங்கே வேலை செய்கிறார், ஆகவே தங்கை அங்கே படித்தால் மாலையில் ஏதாவதொரு கடையில் நின்று செலவுக்குச் சம்பாதித்துக்கொள்வாள் என்று கணக்குப் போடுவது இயல்பே. ஆனால் அண்ணனின் கையில் இருப்பது வேலை அனுமதி. தங்கைக்குக் கிடைக்கப் போவது மாணவர் அனுமதி. குடிநுழைவு முகப்பில் இரண்டு பேரும் ஒரே வரிசையில் நிற்கலாம். சட்டத்தின் முன் இருவரும் வெவ்வேறு ஆட்கள்.

சிங்கப்பூர்ச் சட்டம் சொல்வது இதுதான். அங்கீகரிக்கப்பட்ட சில கல்விக்கூடங்களில் முழுநேரமாகப் பயிலும் வெளிநாட்டு மாணவர்களுக்கு மட்டும், தனியாக வேலை அனுமதி பெறாமலேயே பகுதிநேர வேலை செய்ய விலக்கு உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற பல்கலைக்கழகங்கள், ஐந்து பலதுறைத் தொழிற்கல்லூரிகள், தொழில்நுட்பக் கல்விக் கழகம், இன்னும் சில நிறுவனங்கள் அப்பட்டியலில் உள்ளன. அங்கே படிப்பவர்களும் பாடத் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம்தான் வேலை செய்யலாம். விடுமுறைக் காலத்தில் அந்த வரம்பு இல்லை.

அப்பட்டியலில் இல்லாத தனியார் கல்லூரிகளில் மாணவர் அனுமதியோடு படிப்பவர்கள்? அவர்களுக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூட இல்லை. தவணையிலும் இல்லை, விடுமுறையிலும் இல்லை. சம்பளம் வாங்காமல் சும்மா உதவியாக நின்றேன் என்று சொல்வதும் எடுபடாது. ஊதியம் உண்டோ இல்லையோ, ஒருவரின் உழைப்பைப் பயன்படுத்துவதையே அச்சட்டம் வேலை என்று கொள்கிறது. அனுமதியின்றி வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வேலைக்கு வைத்துக்கொண்ட முதலாளிக்கும் 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதமும், 12 மாதம் வரை சிறையும் உண்டு. சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் போகிறது என்று மகிழ்ச்சியோடு பெருக்கிப் பார்ப்பவர்கள், இந்தத் தொகைகளையும் அதே எண்ணால் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

இப்போது சொல்லுங்கள். நம் ஊருக்கு வரும் முகவர்கள் எந்தக் கல்லூரிகளுக்கு ஆள் சேர்க்கிறார்கள்? தேசியப் பல்கலைக்கழகத்துக்கா? அதற்கு முகவர் தேவையே இல்லையே! தகுதி உள்ள பிள்ளை தானே நேரடியாக விண்ணப்பிக்கலாம். முகவர் தூக்கி வரும் வண்ணத் தாள்கள் எல்லாம் தனியார் கல்லூரிகளுடையவை. அதாவது, வேலை செய்ய முற்றிலும் தடை உள்ள இடங்களுக்குத்தான் ‘படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம்’ என்று கூவி ஆள் பிடிக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், கல்லூரியின் பெயரும் வேண்டாம். ஒன்றாம் ஆண்டில் என்னிடம் ‘அ’ எழுதிப் பழகியவள். தகப்பனார் செம்பனை ஆலையில் வேலை செய்பவர். விடுதி நிர்வாகத்தில் பட்டயப் படிப்பு என்று சிங்கப்பூர்க்குப் போனாள். முதல் தவணைக் கட்டணத்தை ஊழியர் சேமநிதியில் கல்விக்காக எடுத்த பணத்தில் கட்டினார்கள். இரண்டாம் தவணையை அவளே சம்பாதித்துக் கட்டிக்கொள்வாள் என்பது ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவரும் முகவரே. ஓர் உணவுக் கடையில் மாலை நேர வேலையையும் அவரே காட்டிவிட்டார். “எல்லாப் பிள்ளைகளும் செய்றாங்க, ஒன்னும் ஆகாது” என்பது அவர் கொடுத்த உத்தரவாதம். ஐந்து மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஆறாவது மாதம் அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். அனுமதி இரத்தானது, படிப்பு நின்றது, மீண்டும் அந்நாட்டுக்குள் நுழையத் தடை விழுந்தது. முகவரின் தொலைபேசி எண் அதற்குள் மாறிவிட்டிருந்தது.

பணம் போனது ஒரு பக்கம். மற்றவர்களுக்கு எளிதில் விளங்காத இழப்பு ஒன்றும் இதில் உண்டு. ஜொகூர்க்காரப் பிள்ளைக்குச் சிங்கப்பூர் வாசல் அடைபடுவது என்பது கோலாலம்பூர்ப் பிள்ளைக்கு அடைபடுவது போன்றதன்று. இங்கே அது பிழைப்பின் வாசல். 18 வயது நிறைந்த மலேசியருக்கு அங்குள்ள முதலாளி முறையாக விண்ணப்பித்து வேலை அனுமதி பெற்றுத் தரலாம். அந்தப் பெண், படிப்பு என்ற பெயரில் போகாமல் நேரே வேலைக்கென்றே போயிருந்தால் எந்தச் சட்டமும் அவளைத் தொட்டிருக்காது. மாலையில் தட்டு எடுத்த குற்றத்துக்காக, வாழ்நாளில் சட்டப்படி சம்பாதித்திருக்கக்கூடிய இடத்தையே இழந்து நின்றாள்.

இச்சட்டம் நியாயமானதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். இதை மறைத்து எழுதினால் நான் அரசாங்கத்தின் ஊதுகுழல் ஆகிவிடுவேன். மதிப்பெண் மிகுந்த பிள்ளை, அரசு மானியத்தோடு பல்கலைக்கழகத்தில் இடம் பெற்று, வாரம் 16 மணி நேரம் வேலையும் செய்யலாம். மதிப்பெண் குறைந்த பிள்ளை, மானியமே இல்லாமல் முழுக் கட்டணம் கட்டி, ஒரு மணி நேரம் கூட வேலை செய்யக் கூடாது. உள்ளவனுக்கு ஊன்றுகோலும் இல்லாதவனுக்கு வெறுங்கையுமாக இருக்கிறது இந்த ஏற்பாடு. படிப்பின் பெயரால் ஆள் கடத்தும் கல்லூரிகளைக் கட்டுப்படுத்தவே இத்தடை என்பார்கள். அந்தக் கவலையில் பொருள் இல்லாமலும் இல்லை. தனியார் கல்விக்கூடங்களுள் சில செய்த அட்டூழியங்களால்தான் சிங்கப்பூர் 2009ஆம் ஆண்டில் தனியார் கல்விச் சட்டத்தைக் கொண்டு வந்தது. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரி ‘எடுடிரஸ்ட்’ சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும், மாணவர் கட்டிய பணத்துக்குப் பாதுகாப்புத் திட்டம் இருக்க வேண்டும் என்றெல்லாம் விதித்தது. கல்லூரி செய்த குற்றத்துக்குக் கல்லூரியைக் கட்டிவைத்தது சரி. மாணவன் கையையும் சேர்த்துக் கட்டியது ஏன் என்பதுதான் என் கேள்வி.

ஆனால் அன்பர்களே, சட்டம் நியாயமற்றது என்பதால் முகவர் சொல்வது உண்மையாகிவிடாது. சட்டத்தை மாற்றக் குரல் கொடுப்பது வேறு; சட்டமே இல்லாததுபோல் பதினெட்டு வயதுப் பெண்ணைச் சோதனைக்கு முன் நிறுத்துவது வேறு. தடை நீங்கும் நாளில் முகவர் அந்த வாசகத்தை ஒட்டட்டும். அதுவரை ஒவ்வொரு ஒட்டுத்தாளும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையின் தலையில் ஒட்டப்படுகிறது.

“சிங்கப்பூர்தான் அப்படி, இங்கிலாந்தில் 20 மணி நேரம் தாராளமாகக் கொடுக்கிறார்கள்” என்று அடுத்த தாளை நீட்டுவார்கள். சரி, நான்காம் ஆண்டு மாணவனும் போடக்கூடிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்பது மெய்யே. 18 முதல் 20 வயது வரை உள்ளவருக்கு அங்கே 2025 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 10 பவுண்டு. வாரம் தவறாமல் 20 மணி நேரம் வேலை கிடைத்தாலும் வாரத்துக்கு 200 பவுண்டு. மாதக் கணக்கில் சுமார் 866 பவுண்டு. அதே அரசாங்கம், லண்டனுக்கு வெளியே வாழும் மாணவரின் மாதச் செலவுக்கு 1,136 பவுண்டு வேண்டும் என்று 2025 சனவரியில் விதித்தது. லண்டனுக்குள் 1,483 பவுண்டு. அந்தத் தொகை பின்னர் இன்னும் கூடியது. அரசாங்கமே போட்டுக் கொடுத்த கணக்கின்படி, விட்ட வேலை முழுவதையும் செய்தாலும் சோற்றுக்கும் வாடகைக்குமே மாதம் 270 பவுண்டு துண்டு விழுகிறது. இதில் கட்டணம் எங்கே வந்தது? ஒரு பென்னி கூட வரவில்லை!

ஒன்பது மாதச் செலவுக்கான பணம் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும் என்பதும் அந்நாட்டு விதி. அங்கே போய்ச் சம்பாதிக்கப் போகும் பணத்தை இதில் காட்ட முடியாது. இதில் மலேசியருக்கு ஒரு சலுகை இருக்கிறது. ஆபத்துக் குறைந்த நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் இருப்பதால், விண்ணப்பிக்கும்போதே வங்கிச் சான்றை இணைக்க வேண்டியதில்லை. பணம் இருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும், முன்னதாக இணைக்கத் தேவையில்லை, அவ்வளவுதான். இந்தச் சலுகையை நம் முகவர்கள் எப்படி மொழிபெயர்க்கிறார்கள் தெரியுமா? “மலேசியனுக்குப் பணமே காட்ட வேண்டாம்!” அதைக் கேட்ட பெற்றோர் காதில் விழுவது, “பணமே வேண்டாம்” என்று. இப்படியொரு மொழிபெயர்ப்பை ஆறாம் ஆண்டு மாணவன் எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்துத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஆஸ்திரேலியக் கணக்கு சற்று மேல். இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது 2023 சூலை முதல் நடப்பில் உள்ள வரம்பு. 2025 சூலையில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 ஆஸ்திரேலிய வெள்ளி ஆனது. ஆண்டின் 52 வாரமும், தேர்வு வாரம் உட்பட, ஒரு மணி நேரமும் விடாமல் உழைத்தால் சுமார் 31,000 வெள்ளி. ஓர் ஆண்டு வாழ்க்கைச் செலவுக்கு மாணவர் காட்ட வேண்டும் என்று 2024 மே மாதம் அந்த அரசாங்கம் விதித்த தொகை 29,710 வெள்ளி. வரவும் செலவும் ஏறக்குறைய ஒன்றாக வருவதைக் கவனியுங்கள். காய்ச்சலில் படுக்காத, தேர்வுக்குப் படிக்காத, ஊருக்கு வராத, வேலையை இழக்காத ஒரு மாணவன் இருந்தால் அவன் தன் வயிற்றைத் தானே நிரப்பிக்கொள்ளலாம். அப்படிப்பட்ட மாணவனை என் ஆசிரியப் பணியில் நான் இதுவரை கண்டதில்லை.

இந்தக் கணக்குக்கூட இன்றைய விதியை வைத்துப் போட்டது. நாளை? மூன்றாண்டுப் படிப்புக்குப் போகும் பிள்ளை, மூன்றாண்டும் ஒரே விதி இருக்கும் என்று எண்ணிப் போகிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

இங்கிலாந்து 2009 மார்ச்சில் மாணவர் விசாவுக்குப் புள்ளி முறையைக் கொண்டு வந்தது. அப்போது பட்டத்துக்குக் கீழ்ப்பட்ட படிப்புக்குப் போனவர்களுக்கும் 20 மணி நேரம் இருந்தது. 2010 மார்ச்சில் அது 10 மணி நேரமாயிற்று. 2011 சூலையில், புதிதாகத் தனியார் கல்லூரிகளில் சேருவோருக்கு வேலை உரிமையே இல்லை என்றானது. 2015 ஆகஸ்டில் அரசு நிதி பெறும் மேல்நிலைத் தொழிற்கல்லூரிகளின் புதிய மாணவர்களுக்கும் அதே கதி. இருபது, பத்து, சுழியம்! படிப்பு முடிந்தபின் ஈராண்டு வேலை செய்யலாம் என்றிருந்த வழியையும் 2012 ஏப்ரலில் மூடினார்கள். அதே வழியை 2021 சூலையில் வேறு பெயரில் திறந்தார்கள். 2027 சனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு, முனைவர் பட்டம் நீங்கலாக, அது 18 மாதமாகக் குறையும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஆள் வேண்டும்போது கதவு திறக்கும். வாக்கு வேண்டும்போது கதவு மூடும். நடுவில் விரலை வைத்திருப்பவர் நம் வீட்டுப் பிள்ளை.

கனடாவும் அப்படியே. தொழிலாளர் பற்றாக்குறை என்று 2022 நவம்பரில் 20 மணி நேர வரம்பைத் தற்காலிகமாக நீக்கியது. முழுநேரமாகச் சம்பாதித்துக் கட்டணம் கட்டலாம் என்று நம்பிப் பல்லாயிரம் பேர் திட்டம் போட்டனர். 2024 ஏப்ரல் முடிவோடு அந்தச் சலுகை முடிந்தது. அவ்வாண்டு நவம்பரில் 24 மணி நேரம் என்ற வரம்பு வந்தது. 2024 சனவரியிலேயே, வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகையை 10,000 கனடிய வெள்ளியிலிருந்து 20,635 வெள்ளியாக உயர்த்தியும் விட்டார்கள். ஆஸ்திரேலியாவோ கொரோனா காலத்தில் இன்னும் வெளிப்படையாகவே நடந்துகொண்டது. 2020 ஏப்ரலில் கடைகள் மூடி, வேலை இழந்து நின்ற வெளிநாட்டு மாணவர்கள் அரசின் ஊதிய உதவித் திட்டத்தில் சேர்க்கப்படவில்லை. தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாதவர்கள் ஊர் திரும்பலாம் என்று அந்நாட்டுப் பிரதமரே சொன்னார். விமானங்கள் நின்றுபோயிருந்த மாதம் அது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் கதை வேறு விதம். 2011இல் கலிபோர்னியாவில் ட்ரை-வேலி என்ற ஒரு பல்கலைக்கழகம் அதிகாரிகளால் மூடப்பட்டது. வகுப்புக்கே போகாமல் தொலைதூர ஊர்களில் வேலை செய்ய மாணவர் விசாவைக் கருவியாக்கிக் கொடுத்த நிறுவனம் அது. மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள், அவர்களுள் ஆந்திரப் பிள்ளைகள் ஏராளம். சிலருடைய கணுக்காலில் கண்காணிப்புக் கருவியை மாட்டினார்கள். நிறுவனத்தை நடத்தியவர் பிற்பாடு சிறை சென்றார் என்பது உண்மையே. அதனால் அந்தப் பிள்ளைகளின் ஆண்டுகள் திரும்பி வந்தனவா?

இவ்வளவும் பிற நாடுகளைப் பற்றிய புகார். நம் நாட்டைப் பார்ப்போமா?

மலேசியாவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு நம் விதி என்ன என்று எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரியும்? ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில் மட்டும், வாரத்துக்கு 20 மணி நேரம் வரை, உணவகம், எண்ணெய் நிலையம், சிறு அங்காடி, தங்கும் விடுதி ஆகிய இடங்களில் மட்டும் வேலை செய்யலாம். அதற்கும் கல்லூரி வழியாகக் குடிநுழைவுத் துறையிடம் அனுமதி பெற வேண்டும். பணம் வாங்கும் முகப்பில் உட்காரக் கூடாது. தவணைக் காலத்தில் அறவே கூடாது. சிங்கப்பூர் கடுமையானது என்று வருந்தும் நாம், நம் வீட்டுத் திண்ணையில் போட்டிருக்கும் முள்வேலியைப் பார்ப்பதில்லை.

இந்த வேலியைச் சொல்லாமல் மறைத்து, டாக்காவிலும் சிற்றூர்களிலும் ‘மலேசியாவில் படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம்’ என்று நம் நாட்டுப் பெயரில் அதே வாசகம் விற்கப்பட்டது. வங்காளதேச இளைஞர்கள் மாணவர் அனுமதியில் இங்கே வந்து, பெயரளவுக் கல்லூரிகளில் சிக்கி, கடப்பிதழையும் பறிகொடுத்து, கட்டுமான இடங்களில் ஒளிந்து வேலை செய்த கொடுமையை 2017ஆம் ஆண்டில் தி ஸ்டார் நாளிதழின் ‘ஆர்.ஏஜ்’ குழுவினர் ஆவணப்படமாக்கி வெளிக்கொணர்ந்தனர். அதைப் பார்த்தபோது எனக்கு அந்நியரின் கதையாகத் தோன்றவில்லை. அந்தத் தகப்பன்மார் விற்றது வயல்; நம் தகப்பன்மார் எடுப்பது சேமநிதி. வாங்கிப் போட்டுக்கொள்ளும் பை ஒன்றேதான். அடுத்த முறை உணவகத்தில் தட்டு எடுக்கும் இளைஞனின் தமிழில் தஞ்சாவூர் வாடையோ திருச்சி வாடையோ அடித்தால், “தம்பி, எந்த அனுமதியில வந்தீங்க?” என்று அன்போடு கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லுமுன் கல்லாப்பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்.

என் கருத்தை மறுப்பவர்கள் மூன்று விதமாகப் பேசுகிறார்கள். “வேலை செய்தால்தான் பிள்ளைக்குப் பொறுப்பு வரும்” என்பது ஒன்று. மறுக்கவில்லை. விடுமுறையில் கோத்தா திங்கிக் கடைவீதியில் வேலை செய்தாலும் பொறுப்பு வரும். யாருக்கும் பயந்து பின்கதவால் ஓட வேண்டியதில்லை. “பிடிபட்டவன் நூற்றில் ஒருவன்” என்பது இன்னொன்று. நூறு பேரில் ஒருவராக உங்கள் பிள்ளையை நிறுத்த நீங்கள் இசைகிறீர்களா என்று கேட்டால் வாயடைத்துப் போகிறார்கள்.

மூன்றாவது பேச்சுதான் என்னை மிகவும் சுடுகிறது. “நம் இனப் பிள்ளைகள் வெளிநாடு போய்ப் படிப்பதைக் கெடுக்காதீர்கள், ஐயா. நீங்களே குட்டைத் தவளைகளாக வளர்க்கிறீர்கள்.” இதைச் சொன்னவர் படித்தவர், பொதுப் பணியில் இருப்பவர். அவருக்கு நான் சொன்ன விடையை இங்கும் எழுதுகிறேன். போகட்டும், நன்றாகப் போகட்டும்! முழுச் செலவையும் கணக்கிட்டு, உபகாரச் சம்பளமோ குடும்பப் பணமோ கையில் வைத்துக்கொண்டு போகட்டும். பகுதிநேர வேலையில் வருவதைக் கைச்செலவுக்கு வைத்துக்கொள்ளட்டும். கட்டணத்தை அதன்மேல் ஏற்றாதீர்கள் என்பதே என் வாதம். கட்டணம் வேலையை நம்பி நிற்கும் அந்தக் கணமே, வரம்பை மீறுவது தவிர அப்பிள்ளைக்கு வேறு வழி இல்லாமல் போகிறது. அடுத்த தவணைக்கு நாள் நெருங்க நெருங்க அது 20 மணி நேரத்தை 40 ஆக்கும். முதலாளிக்கும் அது தெரியும். ஆகவே ஊதியத்தைக் குறைப்பார், கையில் ரொக்கமாகக் கொடுப்பார், சில வேளை கொடுக்கவே மாட்டார். யாரிடம் போய் முறையிடுவது? முறையிட்டால் முதலில் இரத்தாவது அதன் அனுமதி அல்லவா? நம்மைவிட வலிமையான யாரோ ஒருவரின் பிடியில் நம் பிள்ளையின் கழுத்தை நாமே கொண்டுபோய் வைக்கும் ஏற்பாட்டுக்கு ‘முன்னேற்றம்’ என்று பெயர் சூட்ட என்னால் இயலாது.

உள்நாட்டில் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஆறாம் படிவம் இருக்கிறது, எஸ்.டி.பி.எம். தேர்வை ஏளனமாகப் பேசும் பழக்கம் நம்மிடையே எப்படி வந்ததோ தெரியவில்லை. மெட்ரிகுலேசன் இருக்கிறது. பாசிர் கூடாங்கில் இப்ராஹிம் சுல்தான் பொலிடெக்னிக் இருக்கிறது. ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்கு ஜொகூர் பாருவிலேயே ஆசிரியர் பயிற்சிக் கழகம் இருக்கிறது. பி.டி.பி.டி.என். கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான் கிடைக்கும் என்பதையும் பலர் முகவரிடம் பணம் கட்டிய பின்னரே அறிகிறார்கள். இவற்றுக்கெல்லாம் வண்ணத் தாள் அச்சடித்துக் கடைவீதியில் ஒட்டுவார் இல்லை, ஏனென்றால் இவற்றில் தரகு இல்லை.

பள்ளிப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்ததும் ‘பத்து நிமிடம் மட்டும்’ என்று மண்டபத்தைக் கேட்டு வரும் கல்வி முகவர்களுக்கு இடம் கொடாதீர்கள். அவர்கள் நாற்காலி வாங்கித் தருவார்கள், விளையாட்டுப் போட்டிக்குக் கோப்பை தருவார்கள். தமிழ்ப்பள்ளி மண்டபத்தில், தலைமையாசிரியர் முன்வரிசையில் அமர்ந்திருக்க ஒருவர் பேசினால், பெற்றோர் அதைப் பள்ளியின் வாக்காகவே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு விலை பத்து நாற்காலி அன்று. இடம் கொடுத்தே தீர வேண்டும் என்றால், “உங்கள் கல்லூரி மாணவர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம்? எந்தச் சட்டத்தின் கீழ்? எழுத்தில் கொடுங்கள்” என்று ஆசிரியர் ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். கேட்ட இரண்டு இடங்களில் முகவர் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை.

பெற்றோர்களுக்கு: பணத்தை முகவர் கையில் கொடுக்காதீர்கள், கல்லூரியின் பெயரில் நேரடியாகக் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். சிங்கப்பூர்த் தனியார் கல்லூரியானால் எடுடிரஸ்ட் சான்றிதழும் கட்டணப் பாதுகாப்புத் திட்டமும் உண்டா என்று கேளுங்கள். முழுப் படிப்புக்கும் ஆகும் செலவை ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளில் ‘பகுதிநேர வேலை வருமானம்’ என்று வரவுப் பக்கத்தில் ஒரு வரி இருந்தால், அந்த வரியை அடித்துவிட்டு மீண்டும் கூட்டிப் பாருங்கள். கூட்டல் சரியாக வந்தால் அனுப்புங்கள்.

படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது, படிக்க ஆளில்லை என்றால் கையொப்பமிடும் முன் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். சனிக்கிழமைகளில் கூடுதல் வகுப்பு பத்து மணிக்கு முடியும். அதன் பிறகு ஆசிரியர் அறையில்தான் இருப்பேன். பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள். கையெழுத்து உங்களுடையது என்றாலும் போகப் போவது அதுதானே.